அன்றைக்குச் சோறாக்கியது யார்

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் கூட்டத்தில் அதுதான் முதல் விதி. அங்கே பார்த்தவரைப் பற்றி வெளியே பெயர் சொல்லிப் பேசக் கூடாது. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். கூட்டத்தை நடத்திவந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயதில் மூத்தவரான அவருக்கும் இவர் அக்காதான்.

அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு. பேசும்போது கையை ஆட்டும் பழக்கமில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். மிஷின் ஓடும் இடத்தில் வருஷக்கணக்காக வேலை செய்தால் அப்படி ஆகிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் அவரை முதலில் பார்த்தது வில்லியனூரில் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில். மதிய நேரம். ஒரு பெண் வந்து, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொடி இருக்குதா?" என்று கேட்டாள். குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ மோரிலோ கலந்து கொடுக்கும் பொடி. அதற்கு மேல் குடித்தால் குமட்டும் என்பார்கள். எங்கள் கடையில் அதை வைப்பதில்லை. ஆனாலும் கேட்டு யாரும் வராத வாரம் கிடையாது. கேட்கிறவர்கள் எல்லோரும் பெண்கள், எல்லோரும் ஒரே மாதிரி குரலைத் தாழ்த்துவார்கள். நானே ஒருமுறை வெளியூரிலிருந்து வரவழைத்து என் வீட்டுக்காரருக்குக் கலந்து கொடுத்துப் பார்த்திருந்தேன். அதனால் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

முட்டி வலிக்குத் தைலம் வாங்க வந்து பக்கத்தில் நின்றிருந்த அக்காதான் பேசினார்.

"அத வாங்காதம்மா. எங்க வூட்ல மோர்ல கலந்துதான் குடுத்தாங்க. வாந்தி எடுத்து செத்துப் பொழச்சதுதான் மிச்சம். அந்த வாரமே மறுபடியும் குடி."

"உங்க வூட்டுக்காரரா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லமா. கலந்து குடுத்தது வூட்டுக்காரரு. குடிச்சது நானு."

கடையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு படி இறங்கிப் போய்விட்டாள். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு வேணுமா?"

"எது?"

"நாங்க கூடற எடம். அவ பொடி கேக்கச்சே உன் மூஞ்சி போன போக்கப் பாத்தேன்."

வேண்டாம் என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல் வழி சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாடியில் இருக்கும் டியூஷன் சென்டர், கீழே சைக்கிள் கடை. வாசலில் அவருடைய வீட்டுக்காரர் மொபெட்டில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டி பாகூர் பக்கம் கிளம்பியது.

என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்கிறவர். அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வீடு. புதுச்சேரியில் குடிப்பதற்கு யாரும் தூரம் போக வேண்டியதில்லை. அவரும் போகவில்லை. வேலை முடிந்து வரும் வழியிலேயே முடித்துக்கொண்டு வருவார். கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "நான் இன்னா குடிகாரனா?" என்று கேட்டார். கேட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அதனால் நான் தனியாகப் போனேன். முதல் ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டு வரை போய்விட்டு, தெரிந்த முகம் ஒன்று தெருவில் வருவதைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் அக்கா கீழே நின்றிருந்தார்.

"அவரு வரல," என்றேன்.

"நீ வந்திருக்க இல்ல. மேல வா."

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள் அவை. ஆண்களுக்கு முட்டி இடித்தது. முன் வரிசைகளில் குடித்தவர்கள், பின் வரிசையில் மனைவிகள் என்று வழக்கம் இருந்தது. அக்கா முன் வரிசையில் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்தார். பின் வரிசையில் என் பக்கத்தில் இருந்தவள் என் காதில், "அது பாட்டில் கம்பெனியில லேபிள் ஒட்டற பொம்பள. குடிச்சிட்டு ரோட்லயே வுழுந்து கெடக்குமாம்," என்றாள். அவள் குரலில் இருந்த அருவருப்பு எனக்கும் இருந்தது. ஆண் குடித்தால் அவன் தலையெழுத்து என்று பழகியிருந்தோம். ஒரு பொம்பளை குடித்தாள் என்றால் எங்களுக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது, அவள் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாதபோதும்.

அன்றைக்குப் பேசியவர் ஒரு சென்ட்ரிங் மேஸ்திரி. நன்றாகப் பேசத் தெரிந்தவர். ஒரு பொங்கல் நாளில் குடித்துவிட்டு வாய்க்காலில் விழுந்தது, தண்ணீர் மூக்குக்குள் போனது, மேலே வானம் சுழன்றது, யாரோ முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டது என்று அடுக்கடுக்காகச் சொன்னார். கடைசியில் அழுதார். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது அக்கா கேட்டார்.

"அன்னிக்கு வூட்ல யாரு சோறாக்குனது?"

மேஸ்திரிக்குப் புரியவில்லை. "இன்னாக்கா?"

"பொங்கல்னு சொன்னியே. வூட்ல புள்ளைங்க இருந்திருக்கும். யாரு சோறாக்கிப் போட்டது?"

"அக்கா, ஒருத்தர் பேசச்சே குறுக்க பேசக்கூடாது. விதி இருக்குது," என்றார் கண்டக்டர்.

"குறுக்க பேசல. முடிச்சிட்டாரு, கேட்டேன்."

மேஸ்திரி யோசித்தார். "எங்கம்மா ஆக்கியிருக்கும்."

பின் வரிசையிலிருந்து அவர் மனைவி, அவள் அதுவரை வாயே திறந்ததில்லையாம், சொன்னாள்: "உங்கம்மா அதுக்கு முந்துன வருஷமே செத்துப்போச்சு. அன்னிக்கு அடுப்பே பத்த வெக்கல. நான் ஆஸ்பத்திரியில உன் பக்கத்துல இருந்தேன். புள்ளைங்க பக்கத்து வூட்டு வாசல்ல போயி நின்னுதுங்க."

மேஸ்திரி திரும்பி மனைவியைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் கதையை அவர் பல வாரம் பல பேரிடம் சொன்னவர். அதற்குப் பிறகு அவர் அதைச் சொல்லிக் கேட்கவில்லை.

அதுதான் அக்காவின் வழக்கம். யார் என்ன சொன்னாலும் அவர் கவனம் அந்த ஆளை விட்டு வீட்டுக்குள் போய்விடும். ஒருவர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னால், "அந்நேரம் உன் பொண்டாட்டிக்கு யாரு சேதி சொன்னது?" என்பார். ஒருவர் கல்யாண வீட்டில் சண்டை போட்டதைச் சொன்னால், "உன் பொண்ணு எந்தப் பக்கம் நின்னுக்கினு இருந்துது?" என்பார். கண்டக்டர் பலமுறை கண்டித்தார். "சரி, இனிமே கேக்கல," என்பார் அக்கா. கூட்டம் முடிந்து கீழே டீக்கடையில் நிற்கும்போது அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிடுவார். சிலர் அவரைக் கண்டால் டீ குடிக்காமலே கிளம்பினார்கள். ஒருவர் அவராலேயே கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். கண்டக்டர் அதைச் சொல்லி வருத்தப்பட்டபோது, அக்கா அந்த ஆளின் வீட்டைத் தேடிப் போய்க் கூப்பிட்டார். அவர் வரவில்லை. அதற்காகவும் அக்கா கேட்பதை விடவில்லை. அது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மதுபானம் பாட்டிலில் அடைக்கும் கம்பெனியில் அவர் வேலை. லேபிள் கோணலாக ஒட்டியிருக்கும் பாட்டில்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும். குடியை விட்ட பிறகும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிடச் சொல்லி எல்லோரும் சொல்லியாகிவிட்டது.

"இந்த வயசுல எனக்கு வேற எவன் வேல குடுப்பான்? இப்ப எனக்கு அந்த வாசனையே புடிக்கல," என்றார் ஒருநாள். பிறகு, "புடிக்கலன்னு சொல்றனே, அதையும் முழுசா நம்பிடாதீங்க," என்றார். அவரைப் பற்றி எனக்கு இருந்த அருவருப்பு போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒருநாளும் தன்னை நம்பாதே என்று என்னிடம் சொன்னதில்லை.

அவருடைய வீட்டுக்காரர் மாடிக்கு வரவே மாட்டார். குத்தகைக்கு நெல் பயிர் வைப்பவர். குடி, வெற்றிலை எந்தப் பழக்கமும் கிடையாது. கூட்டம் முடியும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அவரிடம், "மேல வந்து உக்காரலாமே மாமா," என்றேன்.

"நான் வந்து இன்னா பேசறது? அவ பேசட்டும்."

"உள்ள இன்னா பேசுனாங்கன்னு அக்காகிட்ட கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா சொல்லிடுவா," என்றார். "அதான் கேக்கறதில்ல."

என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வந்தது கோபத்தில். தன்னைப் பற்றி அங்கே நான் ஊரறியப் பேசுகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டைப் பொத்தானைப் போடாமல் மாடியேறி வந்து, "எங்க அவ?" என்று நின்றார். கண்டக்டர் எழுந்திருப்பதற்குள் அக்கா நகர்ந்து இடம் விட்டு, "குந்துப்பா, ஃபேன் காத்து இங்கதான் நல்லா வருது," என்றார். வெயில் காலம். அவர் உட்கார்ந்தார். அந்த வாரம் எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் நான் கூப்பிடாமலே வந்தார்.

அக்கா தன் கதையை முழுதாகச் சொன்னது ஒரே ஒருமுறை. புதிதாக வந்த இளைஞன் ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சின்னப் பெண் குழந்தை. குடித்துவிட்டுப் படுத்திருக்கும்போது அவளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து கொடுப்பாள், போர்வை போர்த்திவிடுவாள், அப்பா மேல் அவ்வளவு பாசம் என்று பெருமையாகச் சொன்னான். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் கேட்கவில்லை. எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எழுந்து நின்றார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் குடிச்சிட்டுப் படுத்திருந்தேன். பகல்தான். எம் பொண்ணு அப்ப ஸ்கூல்ல படிக்குது, வயசுக்கு வரல. அவங்கப்பா கழனியிலேர்ந்து பசியோட வருவாருன்னு அதுவே சோறு வெச்சுது. கஞ்சி வடிக்கச்சே பானை சரிஞ்சு தொடையிலயும் காலுலயும் ஊத்திடுச்சி. நான் அதே வூட்லதான் இருக்கேன். சத்தம் கேட்டுது. டிவியிலதான் யாரோ அழுவறாங்கன்னு நெனச்சேன். சத்தத்தக் கொறன்னு சொன்னேன்."

முந்தானையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அதுவும் சத்தத்தக் கொறச்சிக்கிச்சி. வாயில துணிய வெச்சிக்கினு குந்தியிருந்துது, அவங்கப்பா வர வரைக்கும். எனக்கு இதெல்லாம் அப்புறம் அவரு சொல்லித்தான் தெரியும். அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டார். பின் வரிசையில் என் காதில் முதல் நாள் பேசியவள் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அக்காவின் மகளை அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணத்தில் அக்காவை மணமேடைக்கு வர வேண்டாம் என்று பெண்ணே சொல்லியிருக்கிறாள். அக்கா போகவில்லை. பிறகு அப்பா மட்டும் காய்கறி எடுத்துக்கொண்டு போவார், பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவார். அக்கா குடியை விட்டுப் பல வருஷம் ஆகியும் அதில் மாற்றமில்லை. "அவளா வந்தா வரட்டும். நான் மாறிட்டேன், வந்து பாருன்னு கூப்புட எனக்கு இன்னா இருக்குது?" என்பார்.

என் வீட்டுக்காரர் பல மாதம் நன்றாக இருந்தார். பிறகு ஒரு வீட்டுக்கு வயரிங் முடித்துக் கொடுத்து, அதன் கிரகப்பிரவேசத்துக்குப் போனவர் குடித்துவிட்டு வந்தார். மறுநாளும் குடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாள் மதியம் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்தார். என் வீட்டுக்காரர் போதை தெளிந்து, வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

அக்கா புத்தி சொல்வார், திட்டுவார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டார்.

"சாப்ட்டியா?" என்றார் அவரிடம்.

"சாப்ட்டேன்கா."

"யாரு ஆக்குனது?"

"அவதான்."

"அவ சாப்ட்டாளா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றார்.

"ஆள் பக்கத்துலதான நிக்குது. கேளு."

அவரால் உடனே கேட்க முடியவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன ஒருவருக்கு அந்தச் சின்னக் கேள்வி எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நான் பார்த்தேன். கடைசியில், "சாப்ட்டியா?" என்றார். இல்லை என்றேன். முந்தின நாளும் சாப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா எழுந்து, "ஞாயித்துக்கெழம வா," என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் போனார். அதற்குப் பிறகும் ஒருமுறை சறுக்கினார், மறுபடி போனார். இப்போது குடிப்பதில்லை. நாளைக்கு எப்படி என்று நானும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

அக்கா கூட்டத்துக்கு வருவது நின்றது போன மழைக்காலத்தில். அவருடைய மகளுக்கு இரண்டாவது பிரசவம். ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். பார்த்துக்கொள்ள இருந்த மாமியார் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வீட்டில் சமைக்க நாதியில்லை. மகள் அப்பாவிடம் போனில், "சமைக்க ஆள் யாருனா இருந்தா அனுப்புப்பா," என்றிருக்கிறாள்.

அக்கா கம்பெனியில் லீவு கேட்டார். அவ்வளவு நாள் தர முடியாது என்றார்கள். யார் சொல்லியும் விடாத வேலையை அன்றைக்கு விட்டுவிட்டு, ஒரு பையோடு கடைக்கு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்.

"உங்களையா வரச் சொன்னா?" என்று கேட்டேன்.

"என்னிய வரச் சொல்லல. ஆள்தான் கேட்டா. ஆளா போறேன்."

முதல் வாரம் போன் வரவில்லை. நானே செய்தேன். மகள் கதவைத் திறந்தவள், அம்மாவைப் பார்த்து எதுவும் சொல்லாமல் வழிவிட்டாளாம். அதற்குப் பிறகும் பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் பெரிய பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறாள். மாமியாருக்குக் குக்கர் சோறு ஒத்துக்கொள்ளாது, வடித்த சோறுதான் வேண்டும். தினமும் அக்கா பானையைச் சாய்க்கும் நேரம் பார்த்து, மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து சமையலறை வாசலில் நின்றுகொள்கிறாள். பிள்ளையை உள்ளே வர விடாமல் கையால் தடுத்துக்கொண்டு, கஞ்சி முழுதும் வடிந்து முடியும்வரை நின்றுவிட்டுப் போகிறாள்.

"கஷ்டமா இருக்குதாக்கா?"

"அவ நிக்கறது சரிதான். நான் இருந்தாலும் நிப்பேன்."

அங்கே பக்கத்தில் ஒரு கூட்டம் இருப்பதாகவும், பிள்ளை தூங்கும் நேரத்தில் போய்வருவதாகவும் சொன்னார். எப்போது திரும்பி வருவார் என்று கேட்டேன். மாமியாருக்குக் கால் கூடும்வரை என்றார். கால் கூடியது. அக்கா வரவில்லை. அவருடைய வீட்டுக்காரர் மட்டும் நெல் அறுப்பு நேரத்தில் கடைக்கு வந்து, அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் கடையில் கூட்டமாக இருந்தபோது போன் வந்தது. எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே வைத்துக்கொண்டேன்.

"பேசிட்டா," என்றார் அக்கா.

"யாரு, பொண்ணா? இன்னா சொன்னா?"

அவ்வளவு பெரிய குரல் உள்ளவர், எனக்குக் கேட்காத அளவுக்கு மெல்லச் சொன்னார். திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"கொழம்புல உப்பு கம்மியாம்."